ஓய்வில் இருக்கும் உடம்பு

மாயனூர் கதவணையைத் தாண்டும்போது முனிரத்தினத்துக்குப் பசித்தது. களைக்கவில்லை.

ஒகேனக்கல்லில் புறப்பட்டு அது மூன்றாம் நாள் காலை. மேட்டூர், பவானி, ஈரோடு, கரூர் என்று காவிரியின் போக்கிலேயே ஓடி வந்திருந்தார். கத்திரி வெயில். ஆறு என்று சொல்லிக்கொள்ள மணல்தான் இருந்தது. இரண்டு இரவுகளாகக் கண்ணை மூடவில்லை. கொப்புளங்கள் உடைந்து காலுறை நசநசவென்று ஒட்டியது. அந்த எரிச்சல் தெரிந்தது. தாகம் தெரிந்தது. ‘போதுமப்பா, கொஞ்சம் உட்கார்’ என்று உடம்பு கெஞ்சுமே, அது மட்டும் வரவேயில்லை. பென்னாகரத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பல வருடம் பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டவர் அவர். உடம்பு கெஞ்சும் விதமெல்லாம் அவருக்குத் தெரியும். அது இல்லாமல் ஓடுவது, ஆளில்லாத வீட்டுக்குள் நடந்து போவதுபோல இருந்தது.

“மாமா, அடுத்த பந்தல்ல நின்னு மோர் குடிச்சிட்டுப் போங்க. இல்லன்னா லாலாப்பேட்டைக்காரங்க கோவிச்சுக்குவாங்க” என்றான் சம்பங்கி. மனைவியின் தம்பி. பைக்கில் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தான்.

“லாலாப்பேட்டையே இன்னும் வரலியேடா.”

“ஊரு வரல. ஊர்க்காரங்க வந்துட்டாங்க. உங்களுக்கு ஆரத்தி எடுக்கறதுல ரெண்டு ஊருக்கு அடிதடி ஆயிடும்போல. இவ்ளோ பெரிய ஆளா ஆவீங்கன்னு முன்னமே தெரிஞ்சிருந்தா, அக்கா கல்யாணத்துல உங்க செருப்ப ஒளிச்சு வெச்சிருக்க மாட்டேன்.”

முனிரத்தினம் சிரித்தார். சிரித்ததும் திடுக்கென்றது. மிதுனா போன பிறகு அவர் சிரித்ததில்லை.

மிதுனாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. பத்து வயதுவரை இழுத்துப் பிடித்து வளர்த்தார்கள். தருமபுரியில் குழந்தைகளின் இதயத்தைத் திறந்து பார்க்க ஆளில்லை. சென்னைக்குக் கொண்டுபோகும் வழியில், வாணியம்பாடி தாண்டி, ஆம்புலன்ஸிலேயே அடங்கிவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பைத்தியம்: தருமபுரியில் குழந்தைகளுக்கு ஓர் இதயப் பிரிவு வரவேண்டும். மனுக் கொடுத்தார், கால் பிடித்தார், நடக்கவில்லை. கடைசியில் ‘துணைவன்’ என்ற நிறுவனம் அவரைத் தேடி வந்தது. அவர்களிடம் ஒரு புதுக் கருவி இருந்தது. அதை ஊருக்குக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஒகேனக்கல்லில் புறப்பட்டு, வண்டி ஏறாமல், தூங்காமல், நான்காம் நாள் பொழுது சாய்வதற்குள் பூம்புகாரில் கடலைத் தொட்டால் இதயப் பிரிவு முழுவதையும் தாங்களே கட்டித் தருவதாகச் சொன்னார்கள். தொடாவிட்டால் இல்லை.

“செத்துருவீங்க” என்றாள் அமுதவல்லி, அவர் மனைவி.

“அதுக்குத்தான் அந்தக் கருவி.”

“நான் வரமாட்டேன். ஒருத்தரை ரோட்ல பறிகுடுத்தது போதும்.”

அவள் வரவில்லை.

பந்தலில் மோர் கொடுத்த பெரியவர் தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினார். அதில் வெளிர்நீலப் பட்டை ஒன்று இருந்தது. பந்தலில் இருந்த பாதிப்பேர் கையில் அது இருந்தது.

“தம்பி, இது என்னதான் பண்ணுதுன்னு நீ சொல்லு. செல்போன் கடைக்காரன் சொன்னது ஒண்ணும் ஏறல” என்றார் சம்பங்கியிடம்.

சம்பங்கிக்கு இது பிடித்த வேலை. “எங்க மாமா பின்கழுத்துல வட்டமா ஒரு வில்லை ஒட்டியிருக்கு பாருங்க. அவருக்குக் களைப்பு வருதுல்ல, அத அந்த வில்லை எடுத்து ஆயிரம், லட்சம் துண்டாப் போட்டு, பட்டை கட்டினவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு அனுப்பிடும். உங்களுக்கு மாடிப்படி ஏறி எறங்கின மாதிரி இருக்கும், அவ்ளோதான். அவருக்கு ஒண்ணுமே இருக்காது. கல்யாண வீட்ல அண்டாவ நாலு பேரு சேர்ந்து தூக்கறோமே, அதேதான். இங்க தூக்கறவங்க லட்சம் பேரு.”

“அப்ப எனக்குக் காலு கடுக்குறது இவராலதானா?”

“உங்களுக்கு வயசானதாலயும் இருக்கும் தாத்தா.”

பந்தல் சிரித்தது. முனிரத்தினம் மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

வெற்றிலைக் கொடிக்கால்கள் தொடங்கிய இடத்தில் ஒரு லோடு ஆட்டோ சாலையோரம் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதுக்குள் இருப்பாள், கையைக் கூப்பிக்கொண்டு சாலைக்கு நடுவில் வந்துவிட்டாள். சம்பங்கி பைக்கைக் குறுக்கே விட்டான்.

“நிக்கச் சொல்லாதீங்கம்மா. நேரம் போயிடும்.”

“நிக்க வேண்டாங்க. ஓடிக்கிட்டே ஒருக்கா எம்புள்ள தலையத் தொட்டுட்டுப் போகட்டுங்க, அது போதும். மூணு நாளா உங்களுக்காகத்தாங்க சார் கெடக்குது.”

முனிரத்தினம் நின்றார். ‘கெடக்குது’ என்ற சொல் அவரை நிறுத்தியது.

ஆட்டோவின் பின்பக்கம் பாய் விரித்து, அதன்மேல் போர்வையை மடித்துப்போட்டு, ஒரு சிறுமியைப் படுக்க வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயது இருக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது. விரல்நுனிகள் குண்டு குண்டாக, நகமெல்லாம் நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தன. அவருக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து வருடம் அந்த நகங்களை வெட்டிவிட்டவர் அவர்.

சிறுமியின் மணிக்கட்டில் வெளிர்நீலப் பட்டை இருந்தது.

பட்டை அவள் கைக்குப் பெரிதாக இருந்ததால் ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதன்மேல் கொஞ்சம் குங்குமம்.

“இதை யாரும்மா கட்டினது?” என்றார்.

“நாந்தாங்க சார். கழட்டவே இல்ல. குளிப்பாட்டறப்பக்கூடக் கழட்டல.” அவள் முகத்தில் பெருமை இருந்தது. “என் பேரு வளர்மதிங்க. இவ சஷ்டிகா. நெஞ்சுல ஓட்டைங்க சார் இவளுக்கு.”

“உங்க கையில ஏம்மா கட்டிக்கல?”

அவள் அவரைப் புரியாமல் பார்த்தாள். “கடையில பட்டை யார் பேருக்குன்னு கேட்டாங்க சார். கோயில்ல யார் பேருக்கு அர்ச்சனைன்னு கேட்டா நாம யார் பேரச் சொல்லுவோம்? சீக்குப் புள்ள பேரத்தானே? நீங்க ஓடற புண்ணியத்துல எனக்கு எதுக்குங்க பங்கு? எல்லாரும் அப்பிடித்தாங்க வாங்கியிருக்காங்க. எங்க தெருவுல பக்கவாதத்துல விழுந்த மாமனாருக்கு, கிட்னி போன அண்ணனுக்கு, எல்லாத்துக்கும் கட்டியிருக்கு.”

முனிரத்தினம் ஆட்டோவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“புள்ள எப்படிம்மா இருக்கு?”

“கொஞ்சம் அசதியாத்தாங்க இருக்குது. கண்ணத் தொறக்க மாட்டேங்குது. நேத்திருந்து அழுவுது. எங்க வலிக்குதுன்னா எங்கயும் இல்லங்குது. எதுக்குடி அழுவுறேன்னா தெரியலங்குது. சாமி வேலை செய்யுதுன்னு எங்க அத்தை சொன்னாங்க.”

அவர் குனிந்து பட்டையைக் கழற்றப் போனார். வளர்மதி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கழட்டிறாதீங்க சார். இன்னும் ரெண்டு நாள்தானே? பாதியில விட்டா குத்தம் ஆயிடுங்க.”

“சம்பங்கி” என்றார் அவர். “வேனைக் கூப்பிடு.”

அவருக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சதூரம் தள்ளி ஒரு வெள்ளை வேன் வந்துகொண்டிருந்தது. துணைவன் நிறுவனத்தின் மருத்துவர் வினோதினி அதில் இருந்தாள். முப்பத்தைந்து வயது. ஒகேனக்கல்லில் அவர் கழுத்தில் வில்லையை ஒட்டியவள் அவள்தான். வேனிலிருந்து இறங்கி வந்தவள் ஆட்டோவுக்குள் பார்த்தாள். உடனே பட்டையைக் கழற்றினாள். வளர்மதி எதிர்த்துப் பேச வாயெடுத்தாள். மருத்துவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். சம்பங்கி அவளையும் குழந்தையையும் ஆட்டோவோடு நிழலுக்கு அழைத்துப் போனான்.

வேனுக்குள் குளிர்பதனம் ஓடிக்கொண்டிருந்தது. திரைகளில் அவருடைய நாடித்துடிப்பு, சூடு, உப்பு எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன.

“உங்களுக்குத் தெரியுமா மேடம்?”

வினோதினி உட்காரவில்லை. “நேத்து ராத்திரி சந்தேகம் வந்துச்சு சார். பதிஞ்ச பேருங்களப் பாத்துக்கிட்டிருந்தேன். பேருக்குப் பக்கத்துல பூசம், கேட்டை, மூலம்னு எல்லாம் இருந்துச்சு. கடைக்காரங்க நட்சத்திரம் கேட்டு அடிச்சிருக்காங்க. முதல்ல சிரிச்சோம். ஆபீஸ்ல எல்லாருமே சிரிச்சோம். அப்புறம்தான் ஒருத்தர் கேட்டார், அர்ச்சனைக்கு யார் பேரக் குடுப்பாங்கன்னு.”

“ஒரு லட்சத்துல ஒரு துண்டுன்னு சொன்னீங்க. மாடிப்படி ஏறின மாதிரின்னு சொன்னீங்க. அந்தப் புள்ளைக்கு மாடிப்படி ஏறின மாதிரியா இருக்கு?”

“எல்லாருக்கும் சமமாப் போகாது சார்.”

“அப்புறம்?”

அவள் வார்த்தையைத் தேடினாள். “வேலை செஞ்சுக்கிட்டிருக்கிறவங்களுக்கு, வண்டி ஓட்டறவங்களுக்குத் திடீர்னு களைப்பு வந்தா ஆபத்து. அதனால அவங்களுக்குக் கொஞ்சமாத்தான் போகும். சும்மா இருக்கிற உடம்புக்கு, படுத்திருக்கிற உடம்புக்கு அதிகமாப் போகும். ஓய்வில் இருக்கும் உடம்பு தாங்கும்னு வெச்சோம். அத எழுதினவங்க எல்லாம் சின்னப் பசங்க சார். அவங்களுக்குத் தெரிஞ்ச ஓய்வு ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கம்.”

முனிரத்தினத்துக்கு அது உறைக்கச் சற்று நேரம் ஆனது. பகலும் இரவும் படுத்தே இருப்பவர்கள் யார்? பக்கவாதக்காரர்கள். டயாலிஸிஸ்காரர்கள். நெஞ்சில் ஓட்டை உள்ளவர்கள். மேட்டூரில் அவர் ஏறிய மேடு, பவானியில் அவர் ஓடிக் கடந்த பாலம், ஈரோட்டில் கூட்டம் கைதட்டியபோது அவர் உற்சாகத்தில் கூட்டிய வேகம், எல்லாம் தேடித் தேடிப் போய் அந்தக் கட்டில்களில் விழுந்திருக்கிறது. அவர் சிரித்தபோதுகூட யாரோ ஒருவருக்கு மூச்சு வாங்கியிருக்கும்.

“அழுவுதாம் அந்தப் புள்ள. எதுக்குன்னே தெரியாம.”

“துக்கமும் உடம்புக்குக் களைப்பாத்தான் தெரியும் சார். வில்லைக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது.”

மூன்று நாட்களாக மிதுனாவை நினைத்தால் நெஞ்சில் ஏறி உட்காரும் கனம் அவருக்கு இல்லாமலிருந்தது. ஓட்டத்தில் மனம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தார். அதற்காகத் தன்மேலேயே அருவருப்புப்பட்டிருந்தார். அது ஆறவில்லை. ஊர்பேர் தெரியாத ஒரு குழந்தை அதை வாங்கி வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்திருக்கிறாள்.

“யாராவது…” என்று தொடங்கினார்.

“பவானியில ஒரு பெரியவர். நேத்துச் சாயங்காலம். இதனாலதான்னு சொல்ல முடியாது சார். அவருக்கு ஏற்கெனவே முடியாமத்தான் இருந்திருக்கு.”

“முடியாம இருந்ததாலதானே அவரு கையில கட்டினாங்க!”

கத்தினார். திரையில் நாடித்துடிப்பு ஒரு கணம் எகிறி மறுபடியும் பச்சைக்கு இறங்கியது. அந்தச் சீற்றத்தின் அசதியும் எங்கோ போய்விட்டது. அதைப் பார்த்ததும் அவர் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். வினோதினி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பிச்சுடாதீங்க. பிச்சா இனிமே போகாது, அவ்வளவுதான். போனது போனதுதான். நல்ல உடம்பு ஒரு தூக்கத்துல சரியாயிடும். இந்த உடம்புங்களுக்கு அது முடியாது. அப்படியே நிக்கும்.”

“திருப்பி எடுக்க முடியுமா?”

அவள் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மேடம், முடியுமா முடியாதா?”

“கருவியால முடியும். யாரும் இதுவரைக்கும் செஞ்சதில்ல. நீங்க ஓடின மூணு நாளும் உங்க மேலயே வந்து விழும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். படுத்தே கிடக்கணும். நெஞ்சு தாங்கலன்னா என்னால எதுவும் செய்ய முடியாது. இன்னொண்ணு…” அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீங்க நின்னா இதயப் பிரிவு கிடையாது. தலைமை ஆபீஸ்ல இப்பத்தான் பேசினேன். கடலைத் தொட்டாத்தான்னு ஒப்பந்தத்துல இருக்கு, கூட்டம் கேக்கும்னு சொல்றாங்க. முடியாதவங்கள நீக்கிட்டு மிச்சப் பேர வெச்சு ஓடி முடிக்கச் சொல்லுன்னாங்க.”

“நீக்கினா, இதுவரைக்கும் வாங்கினவங்க?”

“அப்படியே இருப்பாங்க.”

வேன் ஜன்னல் வழியாக ஆட்டோ தெரிந்தது. வளர்மதி முந்தானையால் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் பிரிவு எழும்பினால் எத்தனையோ மிதுனாக்கள் வாணியம்பாடியைத் தாண்ட வேண்டியிருக்காது. அந்தக் கட்டடத்தின் வாசலை அவர் மனத்தில் பலமுறை பார்த்திருக்கிறார். மகளின் பெயர் எந்தப் பக்கம் இருக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியும்.

“எங்க படுக்கணும்னு சொல்லுங்க” என்றார்.

லாலாப்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம் அன்று காலியாக இருந்தது. மாப்பிள்ளை அறையில் ஜமக்காளம் விரித்துப் படுக்க வைத்தார்கள். சுவரில் யாரோ ஒரு மணமகனுக்கு ஒட்டிய ஜிகினா எழுத்துகள் பாதி உரிந்து தொங்கின. சாலையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ‘ஏன் நின்னுட்டாரு?’ என்று கேட்டவர்களிடம் சம்பங்கி முதலில் பொறுமையாகப் பதில் சொன்னான். பிறகு, “வீட்ல படுத்திருக்கறவங்க கையில கட்டினத யாரும் கழட்டாதீங்க, நாங்க சொன்னப்புறம் கழட்டுங்க” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அவனை அடிக்கக்கூட இரண்டு பேர் போனார்கள். சஷ்டிகாவின் கையில் பட்டையை மறுபடி கட்டினார்கள், எடுப்பதற்காக.

முதலில் கால்கள் வந்தன. தொடையிலும் கெண்டைக்காலிலும் யாரோ ஈரமணலைக் கொட்டுவதுபோல இருந்தது. பிறகு இடுப்பு, தோள், தாடை. தாடை இவ்வளவு கனக்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் ஓடிய சாலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மேலே ஏறிப் படுத்தன. அவற்றோடு மிதுனாவும் வந்தாள். மூன்று நாள் அழாத அழுகை ஒரே மூச்சில் வந்தது. அழுவதற்குத் தேவையான தெம்பு உடம்பில் இல்லாததால் வாய் மட்டும் திறந்து மூடியது. வினோதினி அவர் நாக்கில் உப்புநீர் விட்டுக்கொண்டே இருந்தாள். இருமுறை வரவை நிறுத்தி வைத்தாள். இருமுறையும் அவர் தலையை அசைத்து மேற்கொண்டு எடுக்கச் சொன்னார்.

மத்தியானத்துக்குப் பிறகு வேறொன்று வந்தது.

அது ஓடியதால் வந்த களைப்பு இல்லை. எந்தச் சாலையிலும் அவர் அதைச் சேர்க்கவில்லை. கால் வலிக்கவில்லை, எங்கும் வலிக்கவில்லை. மூச்சு உள்ளே போயும் ஒன்றும் கொண்டுவராமல் திரும்பியது. விரலைத் தூக்க நினைத்தால் அந்த நினைப்பே ஒரு வேலையாக இருந்தது. உடற்கல்வி படித்தவர், மனித உடம்பு எவ்வளவு சோரும் என்று அறிந்தவர், இப்படி ஒன்று உண்டென்று அவர் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை.

“மேடம்… இது என்னோடது இல்ல.”

வினோதினி திரையை நோக்கிக் குனிந்தாள். அவள் கை நின்றுவிட்டது. “உங்களது எப்பவோ வந்து முடிஞ்சிருச்சு” என்றாள் மெதுவாக. “அந்தக் குழந்தைகிட்டேருந்து இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அவளோட சொந்தக் களைப்பு சார். எது யாரோடதுன்னு கருவிக்குத் தெரியல. இருக்கறத எல்லாம் எடுக்குது.”

அப்போதுதான் அறைக்கதவு தடாலென்று திறந்தது. வளர்மதி. ஓடி வந்திருந்தாள்.

“டாக்டரம்மா! எம்புள்ள எந்திரிச்சுட்டாளுங்க! ஆட்டுக்குட்டி பின்னாடி ஓடுறாளுங்க! பொறந்ததுலேருந்து இவ ஓடி நான் பாத்ததே இல்லீங்க. நான் என்ன பண்ணட்டும்? ஓட விடட்டுங்களா?”

வெளியே ஒரு குழந்தையின் சிரிப்பு கேட்டது. உரத்த, முரட்டுத்தனமான சிரிப்பு.

வினோதினியின் முகம் வெளுத்துவிட்டது. “பிடிங்க! போய்ப் பிடிச்சு உக்கார வைங்க! அவ நெஞ்சு சரியாகல, அதே நெஞ்சுதான். களைப்புதான் அவள ஓடாமப் பாத்துக்கிட்டிருந்தது. சீக்கிரம்!”

வளர்மதி நின்ற இடத்திலேயே ஒரு நொடி நின்றாள். இவ்வளவு நேரம் அவள் முகத்தில் இருந்தது பிள்ளை பிழைத்துவிட்டாள் என்ற நம்பிக்கை என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. திரும்பி ஓடினாள்.

அவள் விலகிய வாசலில் அமுதவல்லி நின்றுகொண்டிருந்தாள். சம்பங்கி காலையிலேயே போன் செய்திருந்தான். பஸ் மாறி மாறி வந்திருந்தாள். புடவையெல்லாம் புழுதி. கணவனைப் பார்த்தாள், திரைகளைப் பார்த்தாள்.

“எல்லாம் கேட்டுது” என்றாள். “அந்தப் புள்ளையோடது இப்ப இவர்கிட்டதான் இருக்கா?”

“ஆமாம்மா. உடனே திருப்பி அனுப்பணும். அம்மா பிடிச்சு உக்கார வெச்சதும் அனுப்பிடுவேன்.”

“அதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் குடுங்க.”

“என்னது?”

“அந்தக் களைப்பு. எனக்கு ஒரு பட்டை குடுங்க.”

வினோதினி மேசையிலிருந்த பட்டையை எடுத்துக் கொடுத்தாள். அமுதவல்லி அதைத் தானே கட்டிக்கொண்டாள். வினோதினி திரையில் விரலை வைத்தாள். சற்று நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு அமுதவல்லி கதவைப் பிடித்தாள். கதவு போதவில்லை. சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தாள். கண்கள் அகன்றிருந்தன.

“இதுவாங்க?” என்றாள்.

“இதுதான்” என்றார் முனிரத்தினம்.

“நம்ம புள்ளைக்கும் இதேவா?”

அவர் கண்ணை மூடித் திறந்தார்.

“பத்து வருஷம் கூடவே படுத்தேனே. ஒருநாள்கூடச் சொல்லலியே அவ. கால் வலிக்குதும்பா, தண்ணி வேணும்பா. இதச் சொன்னதே இல்லியே.”

“எப்படிச் சொல்லுவா அமுதா?” வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினார். “இது இல்லாம அவ ஒருநாளும் இருந்ததில்ல. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்னு நெனச்சிருப்பா.”

அமுதவல்லி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கை அங்கேயே நிற்காமல் மடியில் விழுந்தது.

வெளியே சிரிப்பு நின்றது. வளர்மதி பிடித்துவிட்டாள் போலும். “சார், அனுப்பட்டுமா?” என்றாள் வினோதினி. அவள் கேட்க வேண்டியதே இல்லை, ஆனாலும் கேட்டாள்.

அந்தக் கனத்தை இறக்கி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதை ஒரு குழந்தையின் மேல் திரும்ப ஏற்றுவதற்கு எந்தத் தகப்பனால் தலையாட்ட முடியும்? வைத்துக்கொண்டால் அவள் ஓடிச் செத்துப்போவாள்.

“அனுப்புங்க” என்றார்.

மூச்சு மெல்ல மெல்ல உள்ளே வந்து ஒட்டியது. விரல் தூக்க முடிந்தது. எதிரே தரையில் அமுதவல்லியும் நீளமாக மூச்சு இழுத்துவிட்டாள். அவர்கள் இருவருக்கும் உடம்பு லேசாகிக்கொண்டே வந்த அந்தச் சில நிமிடங்களைப்போலக் கொடுமையானது தன் வாழ்நாளில் இல்லை என்று முனிரத்தினம் பிற்பாடு சம்பங்கியிடம் சொன்னார்.

ஜன்னலுக்கு வெளியே மண்டப முற்றம் தெரிந்தது. ஆட்டுக்குட்டி வாழையிலைக் குப்பையை முகர்ந்துகொண்டிருந்தது. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சஷ்டிகா இரண்டடி வைத்தாள். பிறகு முற்றத்தின் நடுவிலேயே முழங்காலைக் கட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். கை தானாகத் தரையைத் துழாவியது.

“மிதுனாவும் இப்பிடித்தான்” என்றாள் அமுதவல்லி. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “வெளையாட்டு நடுவுல திடீர்னு உக்காந்துக்குவா. கல்லு பொறுக்குறாளோன்னு நெனச்சு, கையெல்லாம் அழுக்காக்காதடின்னு திட்டுவேன்.”

அவள் பட்டையைக் கழற்றாமலே முற்றத்துக்கு இறங்கிப் போனாள். சஷ்டிகாவின் பக்கத்தில், அவளைப்போலவே குத்தவைத்து உட்கார்ந்தாள்.